ஒரு மைக், மூன்று மிக்ஸர்: ஒய் கேபிள் போதுமா?

கேள்வி, 3 ஜனவரி

அண்ணே, பொங்கலுக்கு எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூன்று மணி நேர நிகழ்ச்சி. முதலில் நாதஸ்வரம் தவில், அப்புறம் வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், கடைசியில் உறுமி மேளம். எல்லாம் சேர்த்து 24 மைக். இந்த முறை மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் மண்டபத்துக்கு ஒன்று, மேடையில் வாசிப்பவர்கள் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஒன்று, நேரலைக்கு ஒன்று என்று மூன்று வைக்கச் சொல்கிறார்கள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வாங்கி, அதன் ஒரு காலில் இன்னொரு ஒய் போட்டு மூன்றாகப் பிரித்துவிட்டால் போதாதா? வீட்டில் ஒரு பிளக்கிலிருந்து மூன்று விளக்குக்கு இழுப்பது போலத்தானே?

3 ஜனவரி, இரவு 11.20

போதாது தம்பி. விளக்குக்குப் பின்னால் 230 வோல்ட் நிற்கிறது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதை மூன்று இடத்துக்குப் பங்கு வைத்தால் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மிக்ஸர் மைக் ஒலியைப் பெருக்கும் அளவான கெயினை ஏற்றுவீர்கள், இரைச்சலும் கூடவே ஏறும். இப்போதுதான் ஒரு கல்யாண வரவேற்பை முடித்து வண்டியை இறக்கினேன். காலையில் விரிவாக எழுதுகிறேன்.

4 ஜனவரி, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது, முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். மூன்றில் ஒரு பங்கு என்பது சரியில்லை. தண்ணீரைப் பங்கு போடுவது போல மைக் ஒலி பங்காவதில்லை. மிக்ஸரின் உள்ளீடு வோல்டேஜைத்தான் பார்க்கிறது, மைக்கிடமிருந்து அதிகம் உறிஞ்சுவதில்லை.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஷூர் எஸ்.எம்.58 மைக்கின் உள்தடை சுமார் 300 ஓம். மிக்ஸர் உள்ளீடு 3000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிக்ஸர் மட்டும் இருந்தால் இழப்பு 0.8 டெசிபல். மூன்றையும் ஒரே மைக்கில் தொங்கவிட்டால் மொத்தச் சுமை 1000 ஓம் ஆகிறது, இழப்பு 2.3 டெசிபல். வித்தியாசம் ஒன்றரை டெசிபல், அவ்வளவுதான். உள்தடை 100 ஓம் உள்ள, மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்ஸர் மைக்கில் அது அரை டெசிபல் அளவில் நிற்கும். கெயினில் ஒரு சின்னத் திருகலோடு சரியாகிவிடும்.

ஆக, ஒலி மெலியும் என்று சொல்லி ஒய் கேபிளை ஒதுக்குவது நியாயமில்லை. ஒதுக்க வேறு காரணங்கள் இருக்கின்றன, அவை இதைவிடப் பெரியவை. ஒரே விதிவிலக்கு வீணையில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப். அதன் உள்தடை மிக மிக அதிகம், நேராகப் பிரித்தால் அடிநாதமே காணாமல் போய்விடும். முதலில் அந்த உள்தடையை மைக் அளவுக்கு இறக்கும் டி.ஐ. பாக்ஸ், அதற்கு அப்புறம்தான் பிரிப்பது.

4 ஜனவரி, மதியம் 1.40

முதல் பெரிய காரணம் பாண்டம் பவர்.

கண்டென்ஸர் மைக்குக்கு மிக்ஸர் 48 வோல்ட் அனுப்புகிறது. எக்ஸ்.எல்.ஆர்., அதாவது மைக் கேபிளின் மூன்று பின் பிளக்கில், ஒலி போகும் 2-ம் பின், 3-ம் பின் இரண்டிலும் ஆளுக்கொரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போய், எர்த்தான 1-ம் பின் வழியாகத் திரும்பி வரும். ஒய் கேபிளில் மூன்று மிக்ஸரும் நேர்க்கம்பியாக ஒன்றுசேர்ந்திருப்பதால், ஒருவர் அனுப்பும் 48 வோல்ட் மற்ற இருவர் வாசலிலும் போய் நிற்கிறது. பெரும்பாலான மிக்ஸர்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சில மிக்ஸர்களில் பாண்டமை அணைத்தால் அந்த ரெசிஸ்டர்கள் விலகிக்கொள்வதில்லை, எர்த்தோடு சேர்ந்துவிடுகின்றன. அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் நீங்கள் அனுப்பும் 48 பாதியாகி மைக்குக்கு 24-ஐ ஒட்டித்தான் போய்ச் சேரும். சில மைக்குகள் அதிலும் வேலை செய்யும். சில, சத்தம் கொஞ்சம் கூடினாலே கரகரக்கும். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவோம், புது மைக்கும் அதே போலக் கரகரக்கும்.

அதைவிட மோசமானது, நேரலை மிக்ஸர்காரர் பாதிக் கச்சேரியில் தன் பக்கம் பாண்டம் பொத்தானைத் தொடுவது. மண்டபம் முழுக்க டமார் என்று ஒரு வெடி. முன்வரிசையில் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை ஒரு பாட்டி நெஞ்சில் கை வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

5 ஜனவரி, இரவு 10.15

"நேரலைக்குத் தனி மிக்ஸர் எதற்கு? மண்டப மிக்ஸரின் அவுட்புட்டையே கொடுத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன்.

2020-ல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. அப்புறமும் நெடுநாள் கூட்டம் கூட முடியவில்லை. கோயில் பூஜை, அரங்கேற்றம், கல்யாணம் எல்லாமே நேரலைக்குப் போயின. கொஞ்சம் கொஞ்சமாக ஆள்களை உள்ளே விட ஆரம்பித்ததும் மண்டபத்தில் ஐம்பது பேர், திரைக்கு முன்னால் ஐந்நூறு பேர் என்று ஆனது. அப்போது ஒரு கோயில் மண்டபத்தில் நாதஸ்வரக் கச்சேரி. தவில் வித்துவானிடம் மைக் வைக்கப் போனேன். "எனக்கு எதுக்குத் தம்பி மைக்? நான் வாசிச்சா ஜொகூர் வரைக்கும் கேக்கும்" என்றார். உண்மைதான். மண்டபத்தில் தவிலை ஏற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதன் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் அடியிலேயே கிடந்தது. அவுட்புட்டை அப்படியே நேரலைக்கும் கொடுத்திருந்தேன்.

மறுநாள் பதிவைக் கேட்டேன். நாதஸ்வரம் தூரத்தில், சுருதிப் பெட்டி காதுக்குள், நடுவே அறிவிப்பாளர் குரல் மட்டும் கணீரென்று. தவில் இல்லவே இல்லை. தனி ஆவர்த்தனத்தில் அவர் இருபது நிமிஷம் வாசித்திருக்கிறார். பதிவில் அது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது போல இருந்தது. அவருடைய அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். வித்துவான் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல தம்பி, படம் தெரிஞ்சுச்சாம்" என்றார். அது என் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

மண்டப மிக்ஸர் என்ன செய்கிறது என்றால், மேடையிலிருந்து தானாக வரும் சத்தத்துக்கு மேல் குறைகிறதை மட்டும் நிரப்புகிறது. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அந்தத் தானாக வரும் சத்தம் கிடையாது. மேடையில் வாசிப்பவருக்கோ தன் வாத்தியமும் சுருதியும் மட்டும் வேண்டும், மற்றது இடைஞ்சல். மூன்று பேருக்கும் மூன்று கணக்கு. அதனால்தான் மைக்கின் ஒலியை, யாருடைய கையும் படாமல், மேடையிலேயே பிரிக்க வேண்டும் என்கிறேன்.

6 ஜனவரி, மாலை 6.30

இரண்டாவது காரணம் ஹம்.

மூன்று மிக்ஸரும் மூன்று இடத்தில் மின்சாரம் எடுக்கின்றன. மானிட்டர் மிக்ஸர் மேடைக்குப் பின்னால் ஒரு பிளக்கில், மண்டப மிக்ஸர் கடைக்கோடியில் இன்னொன்றில், நேரலை பக்கத்து அறையில். எல்லாம் எர்த்தில்தான் போய்ச் சேர்கின்றன, ஆனால் அந்த எர்த்துகளுக்குள் ஒரு சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஒய் கேபிளின் 1-ம் பின் அவற்றை இன்னொரு வழியாகவும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடும். அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டம்தான் நாம் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமல், கூடவே அதன் மடங்குகளான 100, 150.

திறந்தவெளியில் இது பல மடங்கு. லிட்டில் இந்தியாவில் தேக்காப் பக்கம் ஒரு மைதானத்தில் கூடாரம் போட்டு நடந்த நிகழ்ச்சியில் மேடைக்கு ஒரு ஜெனரேட்டர், ஒளிபரப்பு வண்டிக்கு வேறொரு ஜெனரேட்டர். கேபிளை இணைத்த உடனே எல்லா சேனலிலும் தேனீக்கூடு போல ஒரு ரீங்காரம். மேடையில் தம்புராவே வேண்டாம் என்ற அளவுக்கு, ஆனால் சுருதிதான் சேரவில்லை!

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹம் போக வேண்டும் என்று மிக்ஸரின் மூன்று பின் மின்சாரப் பிளக்கில் எர்த்தை யாரும் துண்டிக்கக் கூடாது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஹம் போய்விடும். ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் அந்த மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல், மைக்கைப் பிடித்திருக்கும் பாடகர் கை வழியாகப் போகும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவரை நினைத்துப் பாருங்கள். துண்டிக்க வேண்டுமானால் ஆடியோ கேபிளின் 1-ம் பின்னை மட்டும், அதுவும் பாண்டம் கொடுக்காத பக்கத்தில் மட்டும்.

7 ஜனவரி, இரவு 11.50

சரி, அப்படியானால் என்னதான் வாங்குவது?

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பிளிட்டர், அதாவது ஒலியைப் பிரிக்கும் பெட்டி. மைக்குக்கு ஒரு சேனல் என்று எட்டு சேனல் பெட்டியாகக் கிடைக்கும், உங்களுக்கு மூன்று பெட்டி. ஆனால் ஒவ்வொரு சேனலிலும் மூன்று வெளிவழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பல பெட்டிகளில் இரண்டுதான் இருக்கும். ஒன்று நேர்வழி. அது மைக்கோடு கம்பியாகவே இணைந்திருக்கும், பாண்டம் அதன் வழியாகத்தான் போகும். மற்ற இரண்டும் தனிவழி. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் நிற்பதால் கம்பித் தொடர்பே கிடையாது, ஒலி காந்தப்புலமாகத்தான் தாண்டிப் போகிறது. நேர் மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது, ஆகவே தனிவழியில் இருப்பவர் பாண்டம் பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் மைக்குக்குத் தெரியாது. அந்த வழியின் 1-ம் பின்னைப் பெட்டியில் உள்ள பொத்தானால் துண்டித்துவிட்டால் எர்த் வளையமும் அறுபடும். ஒருவர் பக்கம் கேபிள் ஷார்ட் ஆனாலும் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நேர்வழியை மண்டப மிக்ஸருக்குக் கொடுங்கள். கூட்டம் கேட்பது அதைத்தானே.

8 ஜனவரி, காலை 6.50

விடியற்காலையில் எழுந்ததும் மேலே எழுதியதைப் படித்தேன். கடைசி இரண்டு விஷயத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஷார்ட் ஆனாலும் மற்றவர்கள் தப்பிப்பார்கள் என்பது முழு உண்மையில்லை. டிரான்ஸ்ஃபார்மர் ஹம்மைத் தடுக்கும், பாண்டமைத் தடுக்கும். சுமையைத் தடுக்காது. ஒரு தனிவழியில் 2-ம் பின்னும் 3-ம் பின்னும் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுமை மறுபக்கம் வரை தெரியும், எல்லோருக்கும் ஒலி இறங்கும். அதிலிருந்தும் தப்ப வேண்டுமானால் ஆக்டிவ் ஸ்பிளிட்டர், அதாவது உள்ளேயே தனித்தனி ஆம்ப்ளிஃபையர் வைத்த பெட்டி. ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு பிளக்கை யாரோ காலால் தட்டிவிட்டால் மூன்று மிக்ஸரும் ஊமை. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. நான் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, நேர்வழியை மண்டபத்துக்குக் கொடுங்கள் என்று சொன்னது. யோசித்துப் பார்த்தால் மானிட்டர் மிக்ஸருக்குக் கொடுப்பதே நல்லது. காரணம், அவர் மேடை ஓரத்தில் நிற்கிறார். வயலின் வித்துவான் எழுந்து போகும்போது மைக்கைக் கழற்றப்போவது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். கழற்றும் முன் பாண்டமை அணைக்க வேண்டியவர் அவர்தான். கடைக்கோடியில் இருப்பவருக்குத் தலைகள்தான் தெரியும்.

விலை மலிந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு குறை உண்டு. தாழ்ந்த சுரத்தில் பலமான ஒலி வந்தால் அதன் இரும்புக்கரு நிரம்பிவிடும், ஒலி கசங்கும். தவிலின் தொப்பி எனும் அடிநாதப் பக்கம், உறுமியின் அந்த இழுவை இரண்டிலும் இது காதில் நன்றாகவே விழும். ஜென்சன், லுண்டால் போன்றவர்களின் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பெட்டி விலை கூடினாலும் அந்த வேலையைத் தாங்கும். எல்லாச் சேனலுக்கும் கட்டுப்படியாகாது என்றால் தாளவாத்தியச் சேனல்களுக்காவது நல்லதை வைக்கலாம்.

9 ஜனவரி, இரவு 9.30

"டிஜிட்டல் வந்த பிறகு இந்தப் பெட்டியெல்லாம் எதற்கு அண்ணே, ஒரு நெட்வொர்க் கேபிள் போதுமே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

பெஹ்ரிங்கர் எக்ஸ்32, மிடாஸ் எம்32 போன்ற டிஜிட்டல் மிக்ஸர்களில், மேடையில் மைக்குகளை மாட்டும் ஸ்டேஜ் பாக்ஸிலிருந்து ஏ.இ.எஸ்.50 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றில் 48 சேனல் போகும், 48 சேனல் வரும். யமஹா சி.எல்., கியூ.எல். மிக்ஸர்கள் ரியோ ஸ்டேஜ் பாக்ஸோடு டான்டே நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும். டான்டே ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனத்தினுடையது. ஒலி எண்ணாக மாறிய பிறகு மூன்று பேருக்கும் நகல் கொடுப்பதில் இழப்பு எதுவுமில்லை. ஹம் இல்லை, சுமை இல்லை. பல மைக் கேபிளை ஒன்றாக்கிய, முதுகு ஒடியத் தூக்கும் மல்டிகோர் சுருளும் இல்லை.

ஆனால் மைக் ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்டேஜ் பாக்ஸில் இருக்கிறது. அதன் கெயின் யார் கையில்?

ஒரு பெரிய அரங்கில் நடந்தது. யார், எங்கே என்பது வேண்டாம். பாடகி ஆலாபனையைத் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறார். மானிட்டரில் லேசாக ஒரு சீட்டி. மானிட்டர் மிக்ஸர்காரர் பதற்றத்தில் ஃபேடரைத் தொடாமல் கெயினைத் தொட்டார். 6 டெசிபல் கீழே. அதே நொடியில் மண்டபத்திலும் குரல் 6 டெசிபல் இறங்கியது, நேரலையிலும் இறங்கியது. மண்டபத்தில் இருந்தவர் ஃபேடரை ஏற்றினார். சீட்டி நின்றதும் மானிட்டர்காரர் கெயினைத் திருப்பி ஏற்றினார். இப்போது மண்டபம் ஊளையிட்டது. தார ஸட்ஜத்தைத் தொடப்போன பாடகி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியவில்லை.

யமஹாவில் இதற்கு கெயின் காம்பன்சேஷன் என்று ஒன்று உண்டு. ப்ரீஆம்ப் 6 இறங்கினால், எண்ணாக மாறிய பிறகு தானே 6 ஏற்றிக் கொடுத்துவிடும், மற்றவர்களுக்கு மாற்றம் தெரியாது. டிஜிகோ மிக்ஸர்களில் அதே வேலைக்கு கெயின் டிராக்கிங் என்று பெயர். எக்ஸ்32-ல் அது இல்லை. அதில் ஒரு மிக்ஸர் மட்டும் கெயினைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் 18 டெசிபல் வரை ஏற்றவோ இறக்கவோ கூடிய டிஜிட்டல் டிரிம்மை வைத்து ஓட்ட வேண்டும். காம்பன்சேஷன் இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ப்ரீஆம்ப்பிலேயே ஒலி உடைந்துவிட்டால் அதற்கு அப்புறம் எதை இறக்கினாலும் உடைந்ததுதான் மூன்று பேருக்கும் போகும். உறுமி மேளம் ஒத்திகையில் அரைக் கையால் வாசிப்பார்கள், மேடையில் முழுக் கை. ஒத்திகையில் பார்த்த அளவிலிருந்து குறைந்தது 10 டெசிபல் இடம் விட்டு வையுங்கள்.

10 ஜனவரி, மதியம் 12.45

நேற்றையதில் விட்டுப்போனது. டிஜிட்டலாக இணைத்தால், ஒலியை எண்ணாக மாற்றும் வேகத்தைப் பிடித்துவைக்கும் கடிகாரம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு மிக்ஸரும் "நானே தலைவர்" என்று உட்கார்ந்தால் ஒலியில் டிக் டிக் என்று சொட்டும். தாளத்தோடு ஒத்துப்போகாத சொட்டு, மிருதங்கக்காரர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

டான்டேயில் இன்னொன்று. சாதாரணமாக ஒரு யூனிகாஸ்ட் ஃப்ளோவில், அதாவது ஒருவருக்கு மட்டும் போகும் ஓடையில், நாலு சேனல்தான் போகும், ஒரு கருவி அனுப்பக்கூடிய ஃப்ளோவுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரே 24 சேனலை மூன்று பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் 18 ஃப்ளோ ஆகிவிடும். எல்லோருக்கும் பொதுவான மல்டிகாஸ்ட் போட்டால் எட்டு எட்டாகப் போகும், ஒரே பயணத்தில் மூன்று பேரும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஃப்ளோவில் வேலை முடிந்தது.

10 ஜனவரி, இரவு 11.10

தாளத்தைப் பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தது. டிஜிட்டலில் ஸ்டேஜ் பாக்ஸ் ஒன்று படுத்தால் மூன்று மிக்ஸரும் சேர்ந்தே படுக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் அப்படியில்லை. மண்டப மிக்ஸர் செத்தால்கூட மானிட்டர் ஓடும், நேரலை ஓடும். அதனால் மேடையில் முக்கியமான நாலைந்து மைக்கையாவது, பாட்டு, நாதஸ்வரம், அறிவிப்பாளர், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பிரித்து நேரலை மிக்ஸரின் சொந்த உள்ளீட்டுக்குக் கொடுத்து வைப்பது என் வழக்கம். எட்டு சேனல் பெட்டி ஒன்றே போதும் அதற்கு.

உங்கள் மன்றத்தில் மூன்று மிக்ஸரும் வேறு வேறு கம்பெனி என்று தனியாக எழுதியிருந்தீர்கள். மூன்றிலும் டான்டே போன்ற ஒரே நெட்வொர்க் இருந்தாலொழிய அவை ஒன்றோடு ஒன்று டிஜிட்டலாகப் பேசாது. 24-ம் டிரான்ஸ்ஃபார்மர் வழிதான்.

12 ஜனவரி, மாலை 5.20

கேபிளை நீங்களே பற்றவைப்பதாகச் சொன்னீர்கள். சிம் லிம் டவரில் நல்ல பிளக் கிடைக்கும், தங்கமுலாம் பூசியதாகப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் எண்பது விழுக்காட்டை ஒட்டித்தான். ஆறு மாதம் பெட்டியில் கிடந்தால் சாதாரணப் பின் கறுத்துவிடும், பாண்டம் போகும்போது பொரியும்.

பற்றவைத்த பிறகு ஒவ்வொன்றையும் டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். ஒன்று விடாமல். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 24 கேபிள் பற்றவைத்தேன், 23-ஐச் சோதித்தேன். 17-ம் எண்ணில் மட்டும் 2-ம் பின்னும் 3-ம் பின்னும் இடம் மாறியிருந்தன. தனியாகக் கேட்டால் வித்தியாசம் துளியும் தெரியாது. அது மிருதங்கத்தின் தொப்பிக்குப் போன கேபிள், நேரலைப் பக்கம். மறுபக்கமான வலந்தலைக்கு வேறு கேபிள். இரண்டு மைக்கையும் சேர்த்து ஏற்றியதும் தொப்பியின் கும்கி வெறும் தட்டலாகிவிட்டது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. மண்டபத்தில் அருமையாகக் கேட்டது, நேரலையில் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல. ஒரு மணி நேரம் ஈக்குவலைசரில் தேடினேன். கடைசியில், ஒலியைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தியதும் அடிநாதம் பொத்தென்று வந்து உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அந்த 17-ம் கேபிளைத் திருத்திவிட்டேன். ஆனாலும் அதில் சுற்றிய சிவப்பு டேப்பை எடுக்கவில்லை.

13 ஜனவரி, இரவு 8.00

நாளை மறுநாள் நிகழ்ச்சி என்பதால் சுருக்கமாக. எல்லாக் கேபிளையும் முதலில் மாட்டுங்கள். மூன்று மிக்ஸரும் மியூட்டில் இருக்கட்டும். மானிட்டர்காரர் "பாண்டம் போடுறேன்" என்று சத்தமாகச் சொல்லி, மூன்று பேரும் "சரி" சொன்ன பிறகு போடட்டும். அப்புறம் ஒருவர் மேடையில் ஒன்றிலிருந்து இருபத்து நாலு வரை ஒவ்வொரு மைக்கிலும் பேச வேண்டும். மூன்று பேரும் "வந்துச்சு" என்ற பிறகுதான் அடுத்தது. ஊதவோ மைக்கைத் தட்டவோ வேண்டாம். கண்டென்ஸர் மைக் அதை விரும்பாது. அந்த அரை மணி நேரத்தை யார் வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அலங்காரக்காரர் கரும்பு கட்ட வருவார், கோலம் போடுபவர் வருவார். அன்பாகச் சொல்லிக் காத்திருக்க வையுங்கள்.

19 ஜனவரி, காலை 9.15

நேரலையை வீட்டிலிருந்து முழுக்கக் கேட்டேன். தவில் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாக, வித்துவான் விரல்கூடு பட்ட இடம்வரை தெரிந்தது. வீணையும் நன்றாக வந்தது, டி.ஐ. பாக்ஸ் வைத்தீர்கள் போல.

ஒரு குறை. இரண்டாம் பகுதியில் வயலின் சேனலில் லேசான உறுமல். மண்டபத்தில் இல்லை என்று சொன்னீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வந்தும் ஒரே சேனலில் மட்டும் ஹம் என்றால் அது எல்லாச் சேனலுக்கும் பொதுவான எர்த் வளையம் இல்லை. பெட்டியின் அந்தத் தனிவழியில் 1-ம் பின்னைத் துண்டிக்கும் பொத்தான் தவறிய நிலையில் இருந்திருக்கலாம். அல்லது கேபிள் ஏதாவது ஒரு மின்சார அடாப்டர் மேல் படுத்திருக்கலாம். அடுத்த முறை ஒலிக்கேபிளும் மின்கேபிளும் ஒன்றையொன்று தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்கே தாண்டட்டும், பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டாம்.

22 ஜனவரி, இரவு 10.40

"பெரிய அரங்கில் இந்தப் பிரச்சினை இருக்காதே, எல்லாம் மைக்கில்தானே போகிறது" என்று கேட்ட அம்மாவுக்கு. நேர் எதிர். எஸ்பிளனேட் இசை அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1600 இருக்கை. 2002-ல் திறந்தது, ஒலியியலை அமைத்தவர் ரசல் ஜான்சன். அங்கே மிருதங்கத்தில் ஒரு நாதம் விழுந்தால் அரங்கமே அதைக் கையில் ஏந்திக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பீக்கர் வழியாக வருவது மிகக் கொஞ்சம். ஆகவே மண்டப மிக்ஸரின் அவுட்புட்டை மட்டும் பதிவு செய்தால் அந்த இரவின் பெரும்பகுதி அதில் இருக்காது. அரங்கு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தனி மிக்ஸர் தேவை. அங்கே இன்னும் இரண்டு மைக்கை அரங்கை நோக்கி வைத்து, நேரலைக்கு மட்டும் கொடுப்பேன். கைத்தட்டலும் "சபாஷ்" குரலும் அதில்தான் வரும்.

25 ஜனவரி, மாலை 7.10

தைப்பூசம் முடிந்ததும் உங்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகவும், வாடகைப் பெட்டி கிடைக்கவில்லை என்றும் பார்த்தேன். என்னிடம் எட்டு சேனல் ஸ்பிளிட்டர் மூன்று சும்மாதான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல் தேக்கா ஈரச்சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்தியிருப்பேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வேண்டாம். கேபிள்களையும் டெஸ்டரையும் சேர்த்தே தருகிறேன். சிவப்பு டேப் சுற்றியது சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதை முதலில் டெஸ்டரில் போட்டுப் பாருங்கள்.